பக்கத்துத் தெருவில் அம்மா, 1994-ல் கட்டிய வீடு: 62 லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 36, கணவருக்கு 39. மகன் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். சோழிங்கநல்லூரில் மாதம் 26,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். நான் பெருங்குடியிலும் கணவர் கிண்டியிலும் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வரும் சம்பளம் 1,35,000 ரூபாய். எஃப்.டி., மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் சேர்த்து 24 லட்சம் இருக்கிறது, கடன் எதுவும் இல்லை. என் அப்பா அம்மா நங்கநல்லூரில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். அம்மாவுக்குப் போன வருடம் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, 1994-ல் கட்டிய அடுக்குமாடியில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. 850 சதுர அடி, இரண்டாவது மாடி, அதுதான் கடைசி மாடி, லிஃப்ட் கிடையாது. மனை 3,000 சதுர அடி, மொத்தம் ஆறு வீடுகள், மனையில் எங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு (யு.டி.எஸ்.) 500 சதுர அடி. உரிமையாளர் காலமாகிவிட்டார். மகன் சென்னையிலும் மகள் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். 62 லட்சம் கேட்கிறார்கள். மொசைக் தரை, கடப்பாக்கல் மேடை, பழைய குளியலறை. “இடத்துக்கே அந்த விலை தகும், ரீடெவலப்மென்ட் (இடித்துப் புதிதாகக் கட்டுவது) வந்தால் இரண்டு மடங்கு” என்கிறார் தரகர். அதே பணத்தில் கூடுவாஞ்சேரியில் புது வீடே வாங்கலாமே என்பது கணவரின் எண்ணம். என்ன செய்வது?

பதில்: வாங்கலாம். ஆனால் 62 லட்சத்துக்கு வேண்டாம். தரகர் சொல்லும் காரணத்துக்காகவும் வேண்டாம்.

முதலில் அந்த ரீடெவலப்மென்ட் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் ஆசையை ஏற்றிவிட்டிருப்பது அதுதான். ஆறு வீடுகள், தலா 850 என்றால் 5,100 சதுர அடி. மனையோ 3,000. இன்றைய விதிப்படி சாதாரணக் குடியிருப்புக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2, அதாவது 6,000 சதுர அடி வரை கட்டலாம். கூடுதலாகக் கிடைப்பது 900 சதுர அடி, ஒரே ஒரு வீடு. அந்த ஒரு வீட்டை விற்று, ஆறு பேருக்கும் இலவசமாகப் புது வீடு கட்டிக் கொடுத்து, லாபமும் பார்க்க எந்த பில்டரால் முடியும்? கட்டுமானச் செலவில் பெரும்பகுதியை நீங்கள் ஆறு பேரும்தான் போட வேண்டியிருக்கும். கூடுதல் எஃப்.எஸ்.ஐ.யைக் கட்டணம் கட்டி வாங்க வழி உண்டுதான், ஆனால் அது முன்னால் இருக்கும் சாலையின் அகலத்தைப் பொறுத்தது. குறுகிய தெருவென்றால் அதை நம்ப வேண்டாம். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 வந்த பிறகு, இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்றாகியிருக்கிறது. உங்கள் கட்டடத்தில் அது நான்கு பேர். முன்பு ஒருவர் மறுத்தாலும் எல்லாம் நின்றுவிடும், அந்த வகையில் இது நல்ல மாற்றம். ஆனால் சட்டம் வழியைத் திறக்குமே தவிர, லாபத்தை உண்டாக்காது. ரீடெவலப்மென்டுக்காக ஒரு ரூபாய்கூட விலையில் சேர்க்காதீர்கள்.

இதே கணக்கில் இன்னொரு விஷயமும் கண்ணில் படுகிறது. 1994-ல் எஃப்.எஸ்.ஐ. 1.5. அந்த மனையில் 4,500 சதுர அடிதான் கட்டியிருக்க முடியும். 850-ல் பொது இடமும் சேர்த்துச் சொல்கிறார்களா, அல்லது வரைபடத்தை மீறிக் கட்டியிருக்கிறார்களா என்று தெரிய வேண்டும். மீறியிருந்தால் பெரும்பாலும் மீறல் இருப்பது கடைசி மாடியில்தான், அதாவது நீங்கள் வாங்கப் போகிற மாடியில். அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலைக் கட்டாயம் கேளுங்கள். நங்கநல்லூர் 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முன் ஆலந்தூர் நகராட்சி. அதனால் பழைய காகிதங்களில் அந்தப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.

சரி, ரீடெவலப்மென்ட் இல்லையென்றால் பிறகு எதற்கு இந்த வீடு? இரண்டு தெரு தள்ளி அம்மா இருக்கிறார், அதற்காக. இதை உணர்ச்சி என்று ஒதுக்கிவைக்க நான் தயாரில்லை. வயதான பெற்றோருக்கு ஒன்றென்றால் கூடுவாஞ்சேரியிலிருந்து ராத்திரி 11 மணிக்குக் கிளம்பி வருவதும், செருப்பை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் போய் நிற்பதும் ஒன்றல்ல. பள்ளி விட்டதும் பையன் தாத்தா வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஒன்று, அதை அவர்களிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மா தினமும் ஒரு சிறுவனின் பின்னால் ஓட முடியுமா, ஓட விருப்பமா என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது. அப்புறம், இரண்டு மாடி ஏறி அம்மா உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. நீங்கள்தான் அங்கே போவீர்கள். அது போதும் என்றால் சரி. பின்னாளில் அவர்களைக் கூடவே வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், இதே பகுதியில் தரைத்தளமோ முதல் மாடியோ வரும்வரை காத்திருப்பது நல்லது.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்த பிறகு அந்தப் பக்கம் வேகமாக வளர்கிறது. புதுக் கட்டடம், லிஃப்ட், வங்கிக் கடனிலும் இழுபறி இருக்காது. ஆனால் அவர் கிண்டிக்கும் நீங்கள் பெருங்குடிக்கும் தினமும் அங்கிருந்து வர வேண்டும். பெரிய அடுக்குமாடிகளில் யு.டி.எஸ். குறைவாகவே கிடைக்கும். வீட்டில் காலப்போக்கில் மதிப்பு ஏறுவது நிலம், இறங்குவது கட்டடம். பழைய வீட்டில் கட்டடம் ஏற்கெனவே பெரும்பாலும் இறங்கி முடிந்துவிட்டது, நீங்கள் வாங்குவது முக்கியமாக அந்த 500 சதுர அடி நிலத்தை. அதே தெருவில் காலி மனை என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். உதாரணத்துக்குச் சதுர அடி 9,000 என்றால் நிலத்துக்கு 45 லட்சம் ஆகிறது. அப்போது 62 லட்சத்தில் 17 லட்சம் முப்பது வருடக் கட்டடத்துக்குப் போகிறது. பேரம் பேசுவதற்கு அந்த 17 லட்சம்தான் உங்கள் இடம்.

இனி, மொத்தச் செலவு. இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். விலை 62 லட்சம். முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 5.58 லட்சம். தரகருக்கு 1% என்றால் 62,000. வழக்கறிஞர், பொறியாளர், வங்கிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை முழுவதும் சீர்செய்ய என் கணிப்பில் 7.5 லட்சமாவது ஆகும். கூட்டினால் 76 லட்சத்தைத் தாண்டுகிறது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் வங்கி அதிகபட்சமாக வீட்டு மதிப்பில் 80% தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. பதிவுச் செலவு அந்த மதிப்பில் சேராது. ஆக 49.6 லட்சம்தான் கிடைக்கும், அதுவும் வங்கியின் மதிப்பீட்டாளர் 62 லட்சத்தை ஒப்புக்கொண்டால். மிச்சம் 26 லட்சத்துக்கு மேல் கையிலிருந்து போட வேண்டும். உங்களிடம் இருப்பது 24, அதிலும் 6 லட்சத்தை அவசரத்துக்கென்று தொடாமல் வைக்கச் சொல்வேன். அம்மாவின் உடல்நிலையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த 6 லட்சத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

அதனால் 56 லட்சம் என்று பேசுங்கள். 57-க்கு மேல் போக வேண்டாம். 56 என்றால் பதிவு 5.04 லட்சம், தரகு 56,000, இதர செலவு 60,000, முதல் கட்ட வேலைகளுக்கு 4.5 லட்சம், மொத்தம் ஏறத்தாழ 66.7 லட்சம். கடன் 44.8 போக, கையிலிருந்து 21.9 லட்சம். சேமிப்பில் 18 எடுத்து, இருவரின் பி.எஃப். கணக்கிலிருந்தும் சேர்த்து 4 லட்சம் எடுத்தால் சரியாக வந்துவிடும். வீடு வாங்க பி.எஃப்.பில் ஒரு பகுதி எடுக்க அனுமதி உண்டு. வட்டி 8% என்று வைத்தால் 15 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 42,800, 20 வருடத்துக்கு சுமார் 37,500. உங்கள் சம்பளத்துக்கு 42,800 தாங்கும், வாடகை 26,000 நின்றுவிடுகிறது. பழைய கட்டடம் என்பதால் வங்கி அதன் மிச்ச ஆயுளைப் பார்த்துத்தான் கடன் காலத்தை முடிவு செய்யும், 20 வருடம் கிடைக்காமலும் போகலாம். ஆகவே 15-ஐயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கடன் தொகைக்கு இருவருமே டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுங்கள். வரிச் சலுகையைப் பெரிதாக நம்ப வேண்டாம், புதிய வரி முறையில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு இல்லை.

வீட்டைப் பார்க்கப் போகும்போது கண் எங்கே போகிறது என்பதில் கவனமாக இருங்கள். பதினைந்து வருடத்துக்கு முன் நானும் ஒரு கடைசி மாடி வீடு வாங்கினேன். ஏப்ரலில் பார்த்தேன், சமையலறை மனதுக்குப் பிடித்தது. ஐப்பசி மழையில் படுக்கையறைக் கூரை சொட்டியது. மொட்டைமாடிக்குச் செலவு செய்ய மற்ற வீட்டுக்காரர்கள் சம்மதிக்க இரண்டு மழைக்காலம் ஆனது. அதிலிருந்து யார் கேட்டாலும் சொல்கிறேன்: முதலில் மொட்டைமாடிக்குப் போங்கள். தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் பீமில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறதா, சன்ஷேடு உதிர்கிறதா, தூண்களில் நெடுக்காக விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம்தான் இந்த மொத்தச் செலவிலேயே மிகப் பயனுள்ள பணம். கம்பி துருப்பிடித்துத் தூண் வீங்கியிருக்கிறது என்று அவர் சொன்னால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று விசாரியுங்கள். விற்பவரைக் கேட்க வேண்டாம், தெருமுனையில் இஸ்திரி போடுபவரைக் கேளுங்கள். நீங்கள் இரண்டாவது மாடிதான், ஆனால் சம்ப்பும் மோட்டாரும் மீட்டர் பெட்டியும் கீழேதானே இருக்கின்றன. ஆலந்தூரில் பாதாளச் சாக்கடை வந்தது 2000-க்குப் பிறகு. அதற்கு முன் கட்டிய வீடு என்பதால் பழைய செப்டிக் டேங்கை என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். மூடாமல் விட்டிருந்தால் அது அஸ்திவாரத்துக்குப் பக்கத்திலேயே கசிந்துகொண்டிருக்கலாம்.

குடியிருப்புச் சங்கத்தின் வரவு செலவு நோட்டை ஒரு மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள். மாதப் பராமரிப்பை எல்லோரும் கட்டுகிறார்களா, கடைசியாக மொட்டைமாடிக்கு எப்போது வேலை செய்தார்கள், ஆறு வீட்டில் எத்தனை பேர் சொந்தமாகக் குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். ஆறு வீட்டுக் கட்டடத்தில் பணம் தராத இருவர் இருந்தாலே எந்த வேலையும் நடக்காது.

மொசைக்கைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். பாலிஷ் போட்டால் இன்னும் பல வருடம் உழைக்கும், வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். நிலையும் கதவும் தேக்காக இருந்தால் கான்ட்ராக்டர் கழற்றிக்கொண்டு போக விடாதீர்கள். முதல் கட்டப் பணம் கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்குப் போகட்டும். துருப்பிடித்த இரும்புக் குழாய்களை மாற்றுவது, முழு வயரிங், எர்த்திங், குளியலறைத் தரையில் நீர்க்கசிவுத் தடுப்பு. கீழ்வீட்டுக் கூரையில் உங்கள் குளியலறைத் தண்ணீர் இறங்கினால் உறவே கெட்டுவிடும். சமையலறையை இரண்டு வருடம் கழித்து போனஸ் பணத்தில் செய்யலாம். முதல் கட்ட வேலைகளை எல்லாம் குடிபோகும் முன் முடித்துவிட வேண்டும். அதற்கு ஆகும் இரண்டு மாதம் வாடகையும் தவணையும் சேர்ந்து போகும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் காகிதம். உரிமையாளர் காலமாகிவிட்டதால் வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரும் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய மனைவி இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை, விசாரியுங்கள். அமெரிக்காவில் இருக்கும் மகள் நேரில் வராவிட்டால் முறைப்படி சான்றளிக்கப்பட்ட பவர் பத்திரம் வேண்டும். விலை 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் விலையில் 1%-ஐ வரியாகப் பிடித்து (டி.டி.எஸ்.) அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் மகளின் பங்குக்கு அந்த 1% பொருந்தாது, பிடிக்க வேண்டியது அதைவிடப் பல மடங்கு. பிடிக்காமல் விட்டால் வருமானவரித்துறை உங்களிடம்தான் கேட்கும். ஆடிட்டர் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்த்துவிடலாம், தாய்ப்பத்திரத்தை வழக்கறிஞர் பார்க்கட்டும். பத்திரத்தில் 45 லட்சம் போட்டு மீதியை ரொக்கமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள், கடனும் அந்த 45-க்குத்தான் கிடைக்கும்.

அட்வான்ஸ் கேட்டு அவசரப்படுத்துவார்கள். 50,000-க்கு மேல் கொடுக்காதீர்கள். வங்கிக் கடனோ சட்டக் கருத்தோ சரியாக வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே அதையும் கொடுங்கள். அதற்கு முன், ஒரு மழை நாளில் பொறியாளரைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டு வாருங்கள். கணவரையும் அழைத்துப் போங்கள்.