ஹார்னும் வூஃபரும் சேர்ந்து ஒலிக்க: நேரம் சரிசெய்வது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: பெட்டியில் 15 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்), அதன் மேல் ஹார்ன் (உயர்ந்த ஒலிக்கான குழல்). இரண்டின் முன்பக்கமும் ஒரே கோட்டில் இருக்கின்றன. இன்னும் நேரம் சரிசெய்ய வேண்டுமா?

வேண்டும். ஒலி பிறப்பது ஹார்னின் வாயில் அல்ல, பின்னால் இருக்கும் கம்ப்ரஷன் டிரைவரின் (ஹார்னுக்கு ஒலி ஊட்டும் பாகம்) டயஃப்ரத்தில், அதாவது அதிரும் தகட்டில். ஹார்னின் ஆழம் 30 செ.மீ., வூஃபரின் ஒலி தொடங்கும் இடம் 10 செ.மீ. உள்ளே என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஹார்ன் 20 செ.மீ. பின்தங்கியிருக்கிறது. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும், ஆக 0.58 மில்லிசெகண்ட் தாமதம். கிராஸ்ஓவர் (வூஃபரிலிருந்து ஹார்னுக்கு ஒலி கைமாறும் இடம்) 800 ஹெர்ட்ஸ் என்றால் அது ஏறக்குறைய அரை அலை. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். குரலின் சதைப்பற்று இருக்கும் இடத்தில் பள்ளம் விழும், அதாவது ஒலி குறைந்துவிடும்.

கேள்வி: இரண்டில் எந்த ஸ்பீக்கருக்கு டிலே (தாமதம்) கொடுப்பது?

முந்தி வருவதற்கு, அதாவது வூஃபருக்கு. டி.எஸ்.பி. (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி) இல்லையென்றால் ஹார்னை முன்னுக்கு நகர்த்துங்கள்.

கேள்வி: டேப்பால் அளந்து அதே கணக்கில் டிலே போட்டேன். பள்ளம் போகவில்லையே?

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். டேப் சொல்வது தூரத்தை மட்டும். கிராஸ்ஓவர் ஃபில்டரும் ஃபேஸைத் (அலை தன் சுற்றில் எங்கே நிற்கிறது என்பதை) திருப்பும், டிரைவரின் ஒலி தானாகவே குறைந்துபோகிற இடமும் திருப்பும். டி.எஸ்.பி.யில் 24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி (ஒரு வகைக் கிராஸ்ஓவர் ஃபில்டர்; எண் அதன் சரிவு எவ்வளவு செங்குத்து என்று சொல்லும்) போட்டுவிட்டதால் மட்டும் ஒலியும் அப்படியே சரியாது. மைக் வைத்து அளந்து, இரண்டின் சரிவும் நினைத்த வடிவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 12 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி என்றால் ஒன்றின் பாலாரிட்டியை (பிளஸ், மைனஸ் இணைப்பை) மாற்றியாக வேண்டும். 24 என்றால் வேண்டாம்.

அப்புறம் நான் நம்பும் ஒரே சோதனை இது: ஹார்னின் பாலாரிட்டியை வேண்டுமென்றே தலைகீழாக மாற்றி, இரண்டையும் சேர்த்து அளந்து, டிலேயைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். கிராஸ்ஓவர் புள்ளியில் பள்ளம் மிக ஆழமாக, இருபுறமும் சமமாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். பாலாரிட்டியைத் திரும்பப் பழையபடி வைத்தால் கோடு நிரம்பிவிடும்.

கேள்வி: எனக்கு இரண்டு டிலேயில் ஆழமான பள்ளம் வருகிறது. எது சரி?

இரண்டுக்கும் இடையே 1.25 மில்லிசெகண்ட் இருக்கிறதா பாருங்கள். 800 ஹெர்ட்ஸில் அது ஒரு முழு அலை. ஒன்று உண்மையானது, மற்றது ஒரு சுற்றுத் தள்ளிப் போனது. தள்ளிப்போனதில் கிராஸ்ஓவர் புள்ளியில் மட்டும் ஃபேஸ் பொருந்தும், 600இலும் 1000இலும் விலகிவிடும். பள்ளமும் குறுகலாக இருக்கும். அகலமான பள்ளம் எதுவோ அதை எடுங்கள். டேப் கணக்கு உதவுவது இங்கேதான், எந்தச் சுற்று என்று சொல்ல.

கேள்வி: அளவில் தெரியும் இரண்டின் இம்பல்ஸ் (ஒரு நொடிப்பொழுது துடிப்புக்கு வரும் எதிரொலிப்பு) உச்சிகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் போதாதா?

போதாது. வூஃபரின் உச்சி ஃபில்டரால் மெதுவாக எழும், தாமதமாக வரும். யு.எஸ்.பி. மைக் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: அக்கூஸ்டிக் டைமிங் ரெஃபரன்ஸ் (நேரத்தைக் கணக்கிட ஒரு ஸ்பீக்கர் எழுப்பும் அடையாள ஒலி) இல்லாமல் எடுத்த இரண்டு அளவுகளின் நேரத்தை ஒப்பிடவே கூடாது.

கேள்வி: அரை மில்லிசெகண்ட் காதுக்குத் தெரியுமா?

தாமதமாகத் தெரியாது. 1978இல் பிளவர்ட்டும் லாஸும் வெளியிட்ட ஆய்வில் 1000 ஹெர்ட்ஸ் பக்கம் 2 மில்லிசெகண்ட் அளவில்தான் தெரிய ஆரம்பிக்கிறது. நமக்குக் கேட்பது பள்ளமும், ஒலிக்கற்றை மேலோ கீழோ சாய்வதும்தான். உட்கார்ந்தால் ஒரு குரல், எழுந்தால் வேறு குரல் என்றால் காரணம் பெரும்பாலும் அந்தச் சாய்வு.

கேள்வி: கம்ப்ரஷன் டிரைவரை ஆம்ப்ளிஃபையரில் நேராகப் போடலாமா?

வேண்டாம். தொடரில் ஒரு கெப்பாசிட்டர் போடுங்கள். 8 ஓம் டிரைவருக்கு 47 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 420 ஹெர்ட்ஸ். ஆன் செய்யும்போது வரும் 'டப்' டயஃப்ரத்தைக் கொல்லாது. அதுவும் ஃபேஸை மாற்றும், அதனால் அதை மாட்டிய பிறகே அளவு எடுங்கள்.

கேள்வி: மைக்கை எங்கே வைப்பது? 1 மீட்டர் போதுமா?

இவ்வளவு பெரிய பெட்டிக்குப் போதாது. ஹார்னுக்கு நேரே மைக், வூஃபர் 45 செ.மீ. கீழே என்றால், 1 மீட்டரில் வூஃபர் 10 செ.மீ. அதிகத் தூரத்தில் இருக்கும்; 3 மீட்டரில் மூன்றரை செ.மீ. மட்டும். அந்த வித்தியாசம் 800 ஹெர்ட்ஸில் 50 டிகிரிக்கு மேல். கேட்கும் தூரத்தில், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் வையுங்கள். தரையில் பட்டு வரும் ஒலியைக் குறைக்க நடுவே ஒரு மெத்தையைப் போட்டுக்கொள்ளுங்கள்.