பாசியா, அரசங்கன்றா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. வீட்டில் யாருமே புகைபிடிப்பதில்லை. மாடிப்படியில் விழுந்து விலாவில் அடிபட்டதற்காக சி.டி. ஸ்கேன் எடுத்தபோது, வலது நுரையீரலில் 14 மி.மீ. அளவில் ஒரு நிழல் தெரிந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே இருந்ததால் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் ‘அடினோகார்சினோமா இன் சிட்டு’ என்று வந்திருக்கிறது. கீமோ, ரேடியேஷன் எதுவும் வேண்டாம் என்கிறார் டாக்டர். முற்றிப்போனதால் கைவிட்டுவிட்டார்களோ என்று சித்தப்பா பயமுறுத்துகிறார். அம்மாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. இது கேன்சரா, இல்லையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தை. கைவிடவில்லை ஐயா, வேலை முடிந்துவிட்டது.

கிணற்றுச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். பாசி படர்ந்திருக்கும், ஆனால் காரை பெயராது. அதே சுவரில் ஓர் அரசங்கன்று முளைத்தால் கதையே வேறு. வேர் உள்ளே இறங்கிக் கல்லைப் பிளந்துவிடும். ‘அடினோகார்சினோமா’ என்பது சுரப்பிச் செல்களில் தோன்றும் புற்று. ‘இன் சிட்டு’ என்றால் தோன்றிய இடத்திலேயே இருப்பது, அதாவது பாசி. கெட்ட செல்கள் காற்றுப்பைகளின் சுவர்மேலேயே படர்ந்திருக்கின்றன. சுவரைத் துளைத்து ரத்தக்குழாய்க்கோ நிணநீர்க் குழாய்க்கோ போகவில்லை. பைகளுக்குள் காற்று இன்னும் இருப்பதால்தான் ஸ்கேனில் அந்த இடம் கட்டியாகத் தெரியாமல், குளியலறை ஜன்னலின் மங்கல் கண்ணாடிபோலத் தெரிகிறது.

கேன்சரா என்றால், பெயரில் கேன்சர், நடத்தையில் அதற்கு முந்தைய படி. ஸ்டேஜ் கணக்கில் இதற்குப் பூஜ்யம். 2011-இல்தான் இந்தப் பெயரே வந்தது. 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இதைப் புற்றுக்கு முன்னோடி என்ற பிரிவுக்கு மாற்றிவிட்டது. முழுசாக எடுத்துவிட்டவர்களில் ஏறக்குறைய யாருக்குமே இது திரும்பி வருவதில்லை. உடம்பில் வேறெங்கும் போகாததற்குக் கீமோ எதைத் தேடிக் கொல்லும்?

ரிப்போர்ட்டில் இரண்டு இடங்களை மட்டும் பாருங்கள். வெட்டிய ஓரத்தில் செல்கள் இல்லை என்று இருக்க வேண்டும். ஊடுருவல் இல்லை என்றும் இருக்க வேண்டும். 5 மி.மீ.க்குள் ஊடுருவல் இருந்தால் அதற்கு வேறு பெயர்; அதுவும் பெரும்பாலும் ஆபரேஷனோடு தீர்ந்துவிடுகிற சங்கதிதான். ஊசி குத்தி எடுத்த துணுக்கை வைத்து ‘இன் சிட்டு’ என்று முடிவு சொல்ல முடியாது. முழுக் கட்டியையும் எடுத்துப் பார்த்தால்தான் உண்டு. உங்கள் டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார். மூன்று மாதம் பொறுத்ததும் சரியே. வெறும் கிருமித் தொற்றாக இருந்தால் அதற்குள் நிழல் கரைந்திருக்கும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் இந்தப் பொறுமை எனக்கு இல்லை. நெஞ்சில் நிழல் என்றாலே டி.பி. மாத்திரை எழுதிய காலம். ஓர் ஆசிரியைக்கு ஆறு மாதம் கொடுத்தேன். வாந்தியும் ஆரஞ்சு நிறச் சிறுநீருமாக அவர் பட்ட பாடுதான் மிச்சம். நிழல் இம்மியும் நகரவில்லை.

“புகையே கிடையாதே, எப்படி வந்தது?” என்று கேட்பீர்கள். புகைபிடிக்காத பெண்களுக்கு வருவது இந்த அடினோ வகைதான் அதிகம். விறகடுப்புப் புகைமேல் சந்தேகம் உண்டு. ஆனால் உங்கள் அம்மாவுக்கு அதனால்தான் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வேறோர் இடத்தில் புதிதாக ஒன்று முளைக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது சி.டி.க்குக் கூப்பிடுவார்கள், அப்போது ஏன் என்று கேட்கத்தானே போகிறார்? அப்புறம், இருமினால் தையல் பக்கம் சுருக்கென்று இழுக்கும். ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள்.