வாசகர் கேள்வி பதில்: ஸ்பானிஷில் ‘பாரு’, ‘பாருங்க’

கேள்வி: தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு வருகிற வெளிநாட்டுப் பயணிகளுக்கு கைடாக இருக்கிறேன். ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் வந்தால் நாலு வார்த்தையாவது அவர்கள் மொழியில் சொல்லலாமே என்று செல்போனில் படிக்கிறேன். ‘பார்’ என்பதற்கு ஓரிடத்தில் மிரா, இன்னோரிடத்தில் மிரே, அப்புறம் மிரென், மிராத் என்று வருகிறது. எதை யாரிடம் சொல்வது?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: நாலும் சரிதான், கேட்கிற ஆள்தான் வேறு. தமிழில் யாரிடம் ‘பாரு’ என்பீர்கள், யாரிடம் ‘பாருங்க’ என்பீர்கள் என்று யோசித்தாலே பாதி வேலை முடிந்தது. இதை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஏனென்றால் ஆங்கிலத்தில் குழந்தைக்கும் தாத்தாவுக்கும் ஒரே ‘லுக்’, ஸ்பானிஷிலோ நம்மைப் போலவே ‘நீ’க்கு தூ, மரியாதையாக ஒருவரைச் சொல்ல உஸ்தெத், பலரைச் சொல்ல உஸ்தெதெஸ் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஒழுங்கான வினைச்சொற்கள் ஆர், ஏர், ஈர் என்ற மூன்று முடிவுகளில் ஏதாவது ஒன்றில் முடியும். மிரார் என்றால் பார்ப்பது, கொமேர் என்றால் சாப்பிடுவது, சுபிர் என்றால் ஏறுவது. ‘நீ’ ஏவலுக்கு, ‘அவன் பார்க்கிறான்’ என்பதற்கு வரும் நிகழ்கால வடிவத்தையே அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: மிரா, கொமே, சுபே. மரியாதை ஏவலுக்கு ‘நான் பார்க்கிறேன்’ என்கிற மிரோவிலிருந்து தொடங்குங்கள். கடைசி ஓ போகட்டும், ஆர் வினையாக இருந்தால் ஏ வரும், ஏர், ஈர் வினையாக இருந்தால் ஆ வரும். அதாவது மிரே, கொமா, சுபா. பலரிடம் சொல்லும்போது கடைசியில் ‘ன்’ சேருகிறது: மிரென், கொமான், சுபான்.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். மிரா என்பது ‘பாரு’, ஆனால் கொமா என்பது ‘சாப்பிடுங்க’. ஆவில் முடிந்தால் மரியாதை இல்லை என்று மனதில் பதித்துக்கொண்டால் அடுத்த வினையிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அந்த வினைக்குரிய வழக்கமான உயிரெழுத்து இருந்தால் ‘நீ’, எதிர் உயிரெழுத்து வந்தால் ‘நீங்கள்’, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலைக்கு வருவோம். உங்களிடம் வருவது பெரும்பாலும் குழு, அதனால் ‘ன்’ வடிவம்தான் உங்களுக்குச் சோறு போடும். வாசலில் ‘தெஹென் லோஸ் சபாத்தோஸ் அக்கி, போர் ஃபவோர்’, செருப்பை இங்கே விடுங்கள், தயவுசெய்து. வெயிலில் கல்தரை சுடும்போது ‘கமினென் போர் அக்கி’, இந்தப் பக்கமாக நடங்கள். ராஜராஜன் 1010இல் முடித்த விமானத்தின் முன்னால் நிறுத்தி ‘மிரென் அர்ரீபா’ என்றால் எல்லாத் தலையும் மேலே திரும்பும். வெயிலில் முகம் சிவந்தவர்களிடம் ‘தோமென் அகுவா’, தண்ணீர் குடியுங்கள். தெஹார், கமினார், தோமார் மூன்றும் ஆர் வினைகள், ஒரே அச்சு.

செருப்பை ஏற்கெனவே பேசியாயிற்று, ‘அவற்றை இங்கே விடுங்கள்’ என்று சொல்ல வேண்டுமா? ஏவலின் வாலிலேயே ஒட்டிவிடலாம்: தெஹென்லோஸ் அக்கி. ‘எனக்காகக் காத்திருங்கள்’ என்று ஒருவரிடம் சொல்ல எஸ்பெரே, மே இரண்டையும் சேர்த்து எஸ்பெரெமே. சொல் நீண்டாலும் அழுத்தம் பழைய இடத்திலேயே, அதாவது ‘பெ’யிலேயே நிற்க வேண்டும். எழுதும்போது அந்த உயிரெழுத்தின் தலையில் சின்னக் கோடு போடுவது அதற்காகத்தான்.

கேள்வி: என்னிடம் இருக்கிற பாடத்தில் மிராத், கொமேத், சுபித் என்று இருக்கிறது. மெக்சிகோ நண்பர் அதை யாரும் பேசுவதில்லை என்கிறார். யார் சொல்வது சரி?
– கும்பகோணம் வாசகி

பதில்: இரண்டு பேருமே. ஸ்பெயினில் நெருக்கமான பலரைச் சேர்த்து வோசோத்ரோஸ் என்பார்கள், நாம் பிள்ளைகளைக் கூட்டமாகக் கூப்பிடும் ‘நீங்கள்லாம்’ மாதிரி. அதற்கு ஏவல் செய்வது எளிது, சொல்லின் கடைசி ‘ர்’ஐ ‘த்’ ஆக்கினால் போதும், இதில் விதிவிலக்கே கிடையாது. லத்தீன் அமெரிக்காவில் பிள்ளைகளானாலும் பெரியவர்களானாலும் பலர் என்றால் மிரென்தான். உங்கள் நண்பர் மெக்சிகோக்காரர் என்பதால் மிராத் வடிவத்தைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும், பேசப் பழக வேண்டாம். அர்ஜென்டினாக்காரர் ஒருவர் மிராவில் கடைசி எழுத்தை அழுத்திச் சொன்னால் திகைக்காதீர்கள். அங்கே தூவுக்குப் பதில் வோஸ், அதன் ஏவல் அப்படித்தான் ஒலிக்கும்.

கேள்வி: ‘வாங்க, ஏறலாம்’ என்று நம்மையும் சேர்த்துச் சொல்வது எப்படி? ஏவல் கேட்பவருக்கு முரட்டுத்தனமாகப் படாதா?
– மன்னார்குடி வாசகர்

பதில்: சுபாமோஸ் என்றால் ஏறுவோம், மிரேமோஸ் என்றால் பார்ப்போம், அதே எதிர் உயிரெழுத்துதான். பேச்சில் ‘வாமோஸ் ஆ சுபிர்’ என்பது இன்னும் சகஜம். முரட்டுத்தனம் பற்றி: உஸ்தெத் வடிவமும் போர் ஃபவோரும் இருந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இன்னும் மென்மை வேண்டுமென்றால் ஏவலையே விட்டுவிட்டு ‘மே எஸ்பெரா அக்கி?’, இங்கே எனக்காகக் காத்திருக்கிறீர்களா, என்று கேள்வியாகக் கேளுங்கள். வயதானவர்களிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ‘வேண்டாம்’ என்று தடுக்கும்போது ‘நீ’ வடிவம் மாறிவிடும்: மிரா என்பது நோ மிரெஸ் ஆகும். உஸ்தெத், உஸ்தெதெஸ் வடிவங்கள் மாறாது, முன்னால் ‘நோ’ போட்டால் போதும். தஞ்சாவூர் வாசகரே, படம் எடுக்கக் கூடாத இடத்தில் ‘நோ தோமென் ஃபோத்தோஸ், போர் ஃபவோர்’ என்று சொல்லுங்கள்.