ஆய்வுகூடத் தோலில் பங்கசு

கேள்வி: என் மகனின் தொடையில் வந்த படர்தாமரை, மருந்து பூசும்போது குறைகிறது, நிறுத்தியதும் திரும்பிவிடுகிறது. மருந்துக்கு அடங்காத பங்கசுகளை ஆய்வுகூடத்தில் உருவாக்கிய தோலில் வளர்த்து ஆராய்கிறார்களாம். கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்ப்பது போதாதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: போதாது. வழக்கமான சோதனையில், திரவ ஊடகத்தில் தனித்தனியாக மிதக்கும் பங்கசுக் கலங்கள் மீதே மருந்து பரிசோதிக்கப்படுகிறது. பரப்பொன்றில் தங்கிய பங்கசுவோ ஒன்றோடொன்று ஒட்டி, தானே சுரக்கும் பல்சக்கரைட்டுப் பசைக்குள் புதைந்து, உயிர்ப்படலமாக வாழக்கூடியது. அந்தப் பசை மருந்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தப்பி உள்ளே நுழைந்த மருந்தையும் கல மென்சவ்விலுள்ள புரதங்கள் வெளியேற்றிவிடுகின்றன. எனவே திரவத்தில் பங்கசுவைக் கொன்ற அளவு, படலத்தில் பலிக்காமல் போகலாம்.

தோல் மாதிரியை உருவாக்கும் முறை வியப்பூட்டுவது. அடியில் நுண்துளை மென்சவ்வு கொண்ட சிறு கிண்ணத்தில் மனித மேற்றோற் கலங்களை இட்டு, ஊட்டக் கரைசலைக் கீழிருந்து மட்டும் கொடுத்து, மேற்பரப்பைக் காற்றுப் படும்படி விட்டால், ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அவை அடுக்கடுக்காக வளர்ந்து, உச்சியில் கெரற்றின் என்ற புரதம் நிறைந்த உயிரற்ற படையையும் அமைத்துவிடுகின்றன. படர்தாமரைப் பங்கசுவின் உணவு அந்தக் கெரற்றின்தான். ஆகவே அதன் வித்திகளை அங்கு இட்டு, மருந்தைப் பூசி, பின்னர் அந்தத் தோலை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால், எந்த ஆழத்தில் இழைகள் எஞ்சியுள்ளன என்பது தெரிந்துவிடும்.

பன்றித் தோலும் பயன்படுகிறது. ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 2009 இல் விவரிக்கப்பட்ட கன்டிடா ஆரிஸ் என்ற பங்கசு, வியர்வையை ஒத்த கரைசலிலும் பன்றித் தோலிலும் மற்றொரு பங்கசான கன்டிடா அல்பிகன்சைவிடச் செறிவான படலம் அமைப்பதை 2020 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மருத்துவமனைகளில் அது தோலிலிருந்து தோலுக்குப் பரவுவதை விளங்கிக்கொள்ள இது பெரிதும் உதவியது.

எனினும் கிண்ணத்துத் தோலில் குருதி ஓட்டமில்லை. வழக்கமாக நோயெதிர்ப்புக் கலங்களும் இல்லை. அதில் வென்ற மருந்து மனிதரிலும் சோதிக்கப்பட்டே ஆகவேண்டும்.

உங்கள் மகனைப் பொறுத்தவரை, தெற்காசியாவில் பரவியுள்ள ட்ரைக்கோபைற்றன் இன்டோற்றினியே என்ற இனத்தில், டேர்பினபின் என்ற பங்கசு எதிர்ப்பு மருந்து தாக்க வேண்டிய நொதியின் மரபணுவே பெரும்பாலும் மாறியிருப்பதால், அம்மருந்து பலனளிக்காமல் போகிறது. ஸ்டெரொயிட் கலந்த பூச்சுகளோ அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிட்டுப் பங்கசுவை வளரவிடுகின்றன. பாமசியில் கேட்டு வாங்கிப் பூசுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தோல் வைத்தியர் சுரண்டி எடுக்கும் செதில்களைப் பரிசோதிக்கப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பங்கசு ஆய்வுகூடம் உண்டு. அண்மையில் என்னென்ன பூசினீர்கள் என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செதிலில் மருந்து எஞ்சியிருந்தால் பங்கசு வளராமல், தொற்றே இல்லை என்று முடிவு வரக்கூடும்.