பேசாத பிள்ளைகள் உள்ள சிறப்பு வகுப்பில் டேப்லெட் வாங்கி வைத்தால் போதுமா?

போதாது. முதலில் அதில் என்ன செயலி என்று பாருங்கள். எழுத்து, எண் விளையாட்டுச் செயலிகள் இரண்டாம்பட்சம்தான். பேச்சு வராத பிள்ளைக்கு முதல் தேவை, படத்தைத் தொட்டால் குரலில் சொல்லும் செயலி. சென்னையில் உருவான 'ஆவாஸ்' அந்த வகை, தமிழிலும் உண்டு. வித்யாசாகர் சிறப்புப் பள்ளியோடு சேர்ந்து வளர்த்தெடுத்தது அது.

சரி, செயலி வந்தாச்சு. பிள்ளை தானாகவே தொட்டுப் பேசிவிடும் என்று காத்திருப்பதில்தான் பல வகுப்புகள் தவறுகின்றன. ஆசிரியர் பேசும்போதே தானும் தொட்டுக் காட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே "இன்னும்" படத்தைத் தொடுங்கள், டம்ளர் நிறைந்ததும் "போதும்". பிள்ளை உடனே திருப்பித் தொடாவிட்டாலும் பரவாயில்லை, மாதக்கணக்கில்கூட ஆகலாம். பழம், பொம்மை என்று பெயர்ச்சொற்களாக நிரப்பாமல் வேண்டும், வேண்டாம், வா, உதவி போன்ற எங்கும் பயன்படும் சொற்களை முன்னால் வையுங்கள். படங்களின் இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள், விரல் பழகிய இடம் அது.

"இதைக் கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடுமோ?" என்று பெற்றோர் பயப்படுவார்கள். பேச்சுக்கு மாற்றான இத்தகைய வழிகளைப் பற்றி 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், நம்பகமான சான்று கிடைத்தவர்களில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கூடத்தான் செய்தது.

அப்புறம் ஒன்று, தண்டனையாக டேப்லெட்டைப் பிடுங்கவே கூடாது. அது பிள்ளையின் குரல். சார்ஜ் தீர்ந்தால் உதவ, அதே படங்களை அச்சடித்து லேமினேட் செய்த அட்டை ஒன்றும் பையில் இருக்கட்டும்.