டீசல் வாகனத்தில் தவறுதலாகப் பெற்றோல் நிரப்பினால் என்ன நடக்கும்?

தவறான எரிபொருள் நிரப்புதல் என்பது டீசல் வாகனத்தின் தாங்கியில் பெற்றோலையோ, பெற்றோல் வாகனத்தில் டீசலையோ ஊற்றிவிடுவதாகும். கொழும்பில் நிலைய ஊழியரே எரிபொருளை நிரப்புவதால், காலி வீதி (Galle Road) நெரிசலின் அவசரத்தில் வகையைச் சொல்லாமல் தொகையை மட்டும் சொல்பவர்களுக்கு இது எளிதில் நேரும். பெற்றோல் குழாயின் முனை ஒடுங்கியதாகையால் டீசல் தாங்கியின் வாயில் தடையின்றி நுழைந்துவிடும்.

டீசல் இயந்திரத்தில் எரிபொருளை உயர் அழுத்தத்தில் தள்ளும் பம்பின் உராய்வைத் தடுப்பது டீசலின் எண்ணெய்த்தன்மையே. பெற்றோல் அந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடாமல் மண்ணெண்ணெயை விட்டு மிதிப்பதைப் போன்றது அது. உலோகத்தோடு உலோகம் உரசி உதிரும் நுண்துகள்கள், எரிபொருளை இயந்திரத்துக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் வரை பரவும்போதுதான் செலவு பெரிதாகிறது. பெற்றோல் வாகனத்தில் டீசல் கலந்தால் புகையும் திணறலும் வருமே தவிர, சேதம் பெரும்பாலும் குறைவு.

எனவே தவறு தெரிந்தவுடன் சாவியைத் திருப்பவே வேண்டாம்; பல வாகனங்களில் இயந்திரம் இயங்குமுன்னரே எரிபொருள் பம்ப் வேலைசெய்யத் தொடங்கிவிடும். வாகனத்தைத் தள்ளி ஓரங்கட்டி, தாங்கியை முழுமையாக வெறுமையாக்கச் செய்யுங்கள்.

மீதி இடத்தை டீசலால் நிரப்பினால் எல்லாம் சரியாகிவிடும் எனப் பலர் நம்புகிறார்கள். ஆனால் நவீன டீசல் இயந்திரங்களுக்குச் சிறிதளவு பெற்றோலே கேடு விளைவிக்கப் போதுமானது.