பார்ட்னர் யார்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டென்னிஸ் வீரர் ரோஹன் போபண்ணாவைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். 43 வயதில் ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டம், இரட்டையரில் உலகின் முதலிடம் என்று உருகியிருந்தீர்கள். மன்னிக்கவும், எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் அக்கா மகன் டென்னிஸ் ஆடுகிறான். வயது 26, பொறியியல் முடித்தவன். சிங்கிள்ஸில் ஒன்றும் நடக்காததால் இரண்டு வருடமாக டபுள்ஸ் (இரட்டையர் ஆட்டம்) மட்டும். தரவரிசை 600க்குப் பக்கத்தில். அவன் பேச்சை எடுத்தாலே அக்கா அழுகிறாள். அத்தான் அவனோடு பேசுவதே இல்லை. அவனோ உங்கள் கட்டுரையை எனக்கே அனுப்பி, ‘பாருங்க மாமா, 43 வயசுல!’ என்கிறான். இதெல்லாம் ஒரு தொழிலா? மூன்று மாதம் வெளிநாட்டில் ஆட என்னிடம் இரண்டு லட்சம் கேட்டிருக்கிறான். கொடுக்கலாமா?

கே., பொள்ளாச்சி

அன்புள்ள கே.,

உங்கள் மருமகன் போபண்ணாவை இழுப்பது பொருந்தாது. அவர் 43 வயதில் திடீரென்று முளைத்தவர் அல்ல. 2010லேயே அமெரிக்க ஓப்பன் இரட்டையர் இறுதியாட்டம் ஆடியவர், 2013ல் உலகின் மூன்றாம் இடத்தில் இருந்தவர். மொட்டைமாடிக்குக் கீழ்த் தளத்திலேயே பல வருடம் குடியிருந்தவர் ஒருநாள் மாடியேறினார், அவ்வளவுதான். 600ஆம் இடத்தில் இருப்பவன் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

அவன் பார்க்க வேண்டிய ஆள் ஜீவன் நெடுஞ்செழியன். சென்னைக்காரர், இடது கை ஆட்டக்காரர். 2017 ஜனவரியில் நுங்கம்பாக்கத்தில் போபண்ணாவோடு சேர்ந்து சென்னை ஓப்பன் இரட்டையர் பட்டத்தை வென்றார். இறுதியாட்டத்தில் எதிரே பூரவ் ராஜா, திவிஜ் சரண். கோர்ட்டில் நின்ற நால்வரும் இந்தியர்கள். (அந்தப் போட்டியை அடுத்த வருடமே புனேவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.) ஜீவனின் அடுத்த ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) பட்டம் 2024 செப்டம்பரில்தான் வந்தது. சீனாவின் ஹாங்சோவில், தமிழ்நாட்டுக்காரரான விஜய் சுந்தர் பிரசாந்தோடு ஆடி, ஜெர்மனியின் ஃப்ரான்ட்ஸன்–யெபென்ஸ் ஜோடியை 4–6, 7–6, 10–7 என்று வென்றார். இடையில் ஏழரை வருடம். ஏழரை என்றதும் உங்கள் அக்காவுக்குச் சனி நினைவுக்கு வரும், அவரிடம் சொல்லாதீர்கள்.

அந்த இடைவெளியில் நடந்த ஒன்றைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 2018ல் ஜீவன் அமெரிக்காவின் ஆஸ்டின் கிராய்செக்கோடு ஆடினார். சீனாவின் செங்டுவில் இறுதியாட்டம் வரை போய், டோடிக்–பாவிச் ஜோடியிடம் தோற்றார்கள். பிறகு பிரிந்தார்கள். கிராய்செக் பின்னாளில் அதே இவான் டோடிக்கைப் பார்ட்னராகப் பிடித்தார். இருவரும் 2023ல் பிரெஞ்சு ஓப்பனை வென்றார்கள், அந்த ஜூனில் கிராய்செக் இரட்டையரில் உலகின் முதலிடத்துக்கு வந்தார். ஜீவன், பெரிய போட்டிகளுக்கு ஒரு படி கீழான சேலஞ்சர் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தார். 2018ல் இருவரும் வலையின் ஒரே பக்கம் நின்றவர்கள். ஐந்து வருடத்தில் இவ்வளவு தூரம் விலகியதற்குத் திறமை ஒன்றையே காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கீழ்வரிசை டபுள்ஸ் ஆட்டக்காரனின் முதலீடு அவனுடைய சர்வீஸ் அல்ல, பக்கத்தில் நிற்கும் ஆள்.

இது வெறும் மனப்பொருத்தம் சார்ந்த விஷயமல்ல, கணக்கு. டபுள்ஸில் இருவரின் தரவரிசையையும் கூட்டித்தான் ஜோடிக்கு இடம் தருவார்கள். உங்கள் மருமகன் 600, பார்ட்னர் 300 என்றால் கூட்டுத்தொகை 900. சாதாரண ஏடிபி போட்டியிலோ சேலஞ்சரிலோ பெரும்பாலும் பதினாறு ஜோடிகளுக்குத்தான் இடம். கூட்டுத்தொகை கொஞ்சம் கூடினாலும் வெளியே நின்று, யாருக்காவது கால் பிசகாதா என்று காத்திருக்க வேண்டும். இதில் சிங்கிள்ஸ்காரர்கள் தங்கள் சிங்கிள்ஸ் தரவரிசையைக் காட்டியும் டபுள்ஸில் நுழையலாம். சிங்கிள்ஸில் 80ஆம் இடத்தில் இருப்பவன் அந்த வாரம் பொழுதுபோக்காக டபுள்ஸும் ஆட நினைத்தால், அதையே பிழைப்பாகக் கொண்ட இருவர் அறைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

2005ல் ஏடிபி இதற்கும் ஒரு படி மேலே போய், டபுள்ஸ் மட்டும் ஆடுபவர்களை ஏறக்குறைய வெளியேற்றும் விதிகளைக் கொண்டுவரப் பார்த்தது. அமெரிக்காவின் இரட்டையர் ஜோடியான பிரையன் சகோதரர்கள் முன்னால் நிற்க, ஆட்டக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். சமரசத்தில் டபுள்ஸ் பிழைத்தது, ஆனால் சுருங்கியது. 40–40 என்று சமமாகிவிட்டால் அடுத்த புள்ளியோடு கேம் முடிந்துவிடும், மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளிகளுக்கு ஆடும் டை-பிரேக் என்ற குறுகிய ஆட்டம். ஹாங்சோவின் 10–7 இப்படி வந்ததுதான். ஒன்றரை மணி நேர உழைப்பு கடைசியில் இரண்டு மூன்று பந்தில் தீர்ந்துவிடும்.

பணத்துக்கு வருவோம். உங்கள் மருமகன் ஆடுவது பெரும்பாலும் எம்15 எனப்படும் கடைசிப் படிப் போட்டிகளாக இருக்கும். மொத்தப் பரிசே 15,000 டாலர். டபுள்ஸில் பட்டம் வென்றால் ஜோடிக்கு 930 டாலர், முதல் சுற்றில் தோற்றால் 108. ஆளுக்கு 54 டாலர் என்றால் நம் பணத்தில் நாலாயிரத்துச் சொச்சம், அதிலும் வரிப் பிடித்தம் உண்டு. ராக்கெட்டுக்கு நரம்பு கட்டவும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். பட்டத்துக்கு 15 தரவரிசைப் புள்ளி. ஹாங்சோவில் ஜீவனுக்கும் விஜய்க்கும் ஆளுக்குக் கிடைத்தது 250 புள்ளி. அதையும் 52 வாரம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பெரிய மேடையிலும் இதே ஏற்றத்தாழ்வுதான்: 2024 விம்பிள்டனில் சிங்கிள்ஸ் முதல் சுற்றில் தோற்றவருக்கு 60,000 பவுண்டு, டபுள்ஸில் தோற்ற ஜோடிக்கு, இருவருக்கும் சேர்த்து, 15,750. ஏடிபி இப்போது குறைந்தபட்ச வருமானத்துக்கு உத்தரவாதம் தரும் திட்டம் வைத்திருக்கிறது. அது சிங்கிள்ஸில் முதல் 250 பேருக்கு மட்டும். எனவே, இது தொழிலா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், அவன் இருக்கும் படியில் இல்லை. செலவு வைக்கும் படிப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆனாலும் ஒருநாள் இவர்கள் ஆடுவதை ஓரக் கோர்ட்டில் போய்ப் பாருங்கள். சர்வீஸ் போடுபவனைப் பார்க்காதீர்கள், வலையருகே குனிந்து நிற்பவனின் முதுகைப் பாருங்கள். இடுப்புக்குப் பின்னால் கை இருக்கும். விரலை மூடினால் நான் நகரமாட்டேன், விரித்தால் குறுக்கே பாய்வேன் என்று பெரும்பாலும் பொருள். பாய்பவன் பந்து தன் பக்கம் வரும் என்று நம்பிப் பாய்கிறான், பின்னால் இருப்பவன் அந்த நொடியே காலியான இடத்தை நிரப்ப ஓடுகிறான். பழகிய ஜோடி இதைப் பேசாமலே செய்யும். போன சனிக்கிழமை வாட்ஸப்பில் ‘இந்த வாரம் ஆடலாமா?’ என்று கேட்டுச் சேர்ந்த ஜோடி ஒவ்வொரு பந்துக்கும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும், நடுவில் விழும் பந்தை இருவரும் விட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

உங்கள் பக்கத்து ஊர் கோயம்புத்தூர்க்காரர் ஸ்ரீராம் பாலாஜி. ராணுவத்தில் வேலை, மாதச் சம்பளம் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று உங்கள் அத்தானுக்கே புரியும். 2024 பிரெஞ்சு ஓப்பனில் மெக்ஸிகோவின் ரேயஸ்-வரேலாவோடு மூன்றாம் சுற்றுக்கு வந்து, போபண்ணா–எப்டன் ஜோடியைக் கடைசி டை-பிரேக் வரை இழுத்துப் பிடித்தார். தோற்றார். அந்தக் கோடையில் ஒலிம்பிக்கில் போபண்ணாவின் பார்ட்னர் அவர்தான். பாரிஸில் முதல் சுற்றிலேயே பிரான்ஸின் ரோஜர்-வாசெலின், மோன்ஃபீஸ் ஜோடியிடம் 5–7, 2–6 என்று தோற்றார்கள். மோன்ஃபீஸ், ரோஜர்-வாசெலினோடு ஆட வேண்டிய ரெபூலுக்குக் காயம் என்பதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்த சிங்கிள்ஸ்காரர். வெறும் கையோடு வந்த சிங்கிள்ஸ்காரன் சில நாட்களில் பழகிய ஜோடியையும் வீழ்த்துவான். டபுள்ஸ்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள விரும்புவதில்லை.

சரி, இரண்டு லட்சம். கடனாகக் கொடுக்காதீர்கள். அது திரும்பி வராது, வராத கடனுக்குப் பயந்து அடுத்த பொங்கலுக்கு அவன் உங்கள் வீட்டுப் பக்கமே தலைகாட்டமாட்டான். முடிந்தால் சும்மா கொடுங்கள், அதுவும் ஒரு கேள்விக்குப் பதில் வந்த பிறகு: யாரோடு ஆடப் போகிறான்? ‘அங்க போய்ப் பாத்துக்கலாம் மாமா’ என்றால் டிக்கெட் போட வேண்டாம். பார்ட்னர் சிங்கிள்ஸ் ஆடுபவன் என்றாலும் யோசியுங்கள். சிங்கிள்ஸில் ஜெயிக்கிற வாரம் உடம்பு வலி என்று டபுள்ஸிலிருந்து விலகிவிடுவான், இவன் 54 டாலர்கூட இல்லாமல் நிற்பான். அவனைப் போலவே டபுள்ஸ் மட்டும் ஆடுகிற ஒருவனோடு மூன்று மாதமும் பேசி முடித்திருந்தால், பார்ட்னரின் தரவரிசை 900 ஆக இருந்தாலும் பரவாயில்லை, கொடுங்கள். திரும்பி வந்ததும் எத்தனை ஜெயித்தாய் என்று கேட்க வேண்டாம். அதே ஆளோடு நான்காவது மாதமும் ஆடுகிறானா என்று மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.